எண் எந்த வழியாக வந்தது?

இணையத்தில் ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்ளும் பக்கத்தில், பொத்தானுக்குக் கீழே, சின்ன எழுத்தில் 64 இடங்கள் கொண்ட ஒரு கோவை கிடக்கும். பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்தது. செக்சம் என்பார்கள், ஹாஷ் என்றும் சொல்வார்கள். பெரும்பாலோர் கண் அங்கே நிற்பதில்லை. நின்றவர்களிலும் பலர், ஏதோ கணினிக்காரர்களுக்கான சமாசாரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் கோவையைச் சரிபார்க்கும் கட்டளையைக் கற்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் கட்டளை சொல்லும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்குத்தான் இன்றைய பேச்சு முழுவதும் தேவைப்படுகிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செக்சம் ஒரே ஒரு கேள்விக்கு விடை தருகிறது: என்னிடம் இருக்கும் கோப்பும் அவர்கள் சொல்லும் கோப்பும் ஒன்றுதானா? அந்த விடைக்கு மதிப்பைத் தருவது, ஒப்பிடுவதற்காக நாம் வைத்திருக்கும் எண் எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதே. கோப்பு வந்த அதே வழியில் எண்ணும் வந்திருந்தால், நடந்தது பாதிச் சோதனை. எண் வேறிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது வேறொரு நாளிலிருந்து வந்திருக்க வேண்டும்.

சரிபார்ப்பு எண் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. உங்கள் ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு எடுத்தது. வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றித் தட்டினாலும் கணக்கு இடித்துவிடும். வங்கி அட்டைகளின் கடைசி இலக்கமும் இதே குடும்பம்தான், ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த லூன் வகுத்த சூத்திரம் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த முறை ஊரறிந்தது. யார் வேண்டுமானாலும் 11 இலக்கங்களைக் கற்பனையாக எழுதி, பன்னிரண்டாவதைக் கணக்கிட்டுச் சேர்த்துவிடலாம். எண் கணக்கில் தேறும். அந்த எண்ணுக்கு உரியவர் என்று ஒருவர் இருக்க வேண்டியதில்லை. ஆகவே இந்தக் கடைசி இலக்கம் கைத்தவறைப் பிடிக்கும், மோசடியைப் பிடிக்காது. தவறு, மோசடி என்ற இந்த இரண்டையும் பேச்சின் இறுதிவரை தனித்தனியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். செக்சம் பற்றிய குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் வருவது.

கோப்புகளுக்கான செக்சமுக்கு வருவோம். லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து, 'ஷா256சம்' என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளி விடாமல் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைத் தர வேண்டும். கணினி கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து, 64 இடக் கோவையை ஒரே வரியில் எழுதிக் காட்டும். ஷா-256 முறை வேண்டும் என்று குறிப்பிட்டால், மேக் கணினியில் 'ஷாசம்' என்ற கட்டளையும், விண்டோசில் 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளையும் அதே வேலையைச் செய்கின்றன. எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. கோப்பு ஒரு பக்கக் கடிதமானாலும் நான்கு ஜிபி திரைப்படமானாலும் விடையின் நீளம் மாறாது. அதே கோப்புக்கு எந்த ஊரில், எந்தக் கணினியில் கணக்கிட்டாலும் அதே விடைதான். ஆனால் கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும், விடையின் 256 பிட்டுகளில் ஏறத்தாழ பாதி புரண்டுவிடும். கடிதத்தில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். முன்னதற்கும் இதற்கும் உறவே தெரியாது. சாத்தியமான விடைகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கங்கள் வேண்டும். தற்செயலாக இரண்டு கோப்புகளுக்கு ஒரே கோவை அமைந்துவிடுமோ என்று யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

விடையைக் கண்ணால் ஒப்பிடுவதில்தான் வழக்கமாக ஓட்டை விழுகிறது. 64 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் அரிது. முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டு, சரி என்று எழுந்துவிடுகிறோம். அந்த எட்டு எழுத்துகள் மட்டும் பொருந்தும்படி ஒரு போலிக் கோப்பைச் செய்ய, சராசரியாக 429 கோடி முறை முயன்றால் போதும். மனிதருக்கு அது மலை. மேசைக் கணினிக்கு ஒரு நாள் வேலைகூட இல்லை. எனவே ஒப்பிடும் வேலையையும் கட்டளையிடமே விட்டுவிட வேண்டும். வெளியீட்டாளர்கள் எல்லாக் கோப்புகளின் கோவைகளையும் பெயர்களையும் வரிவரியாக எழுதி ஒரு பட்டியல் கோப்பாக வைத்திருப்பார்கள். ஷா256சம் கட்டளையுடன் ஒரு கழித்தல் குறியும் சி என்ற எழுத்தும் சேர்த்து, அந்தப் பட்டியலின் பெயரைக் கொடுத்தால், கணினியே ஒவ்வொரு கோப்பாகக் கணக்கிட்டு, பொருந்தினால் 'ஓகே' என்றும் பொருந்தாவிட்டால் 'ஃபெயில்டு' என்றும் எழுதும். ஆயிரம் கோப்புகள் இருந்தாலும் ஒரே கட்டளை. ஒன்று பொருந்தாவிட்டாலும் கட்டளை தோல்விக் குறியோடு முடிவதால், வேறொரு நிரல் அதைப் பார்த்து வேலையை அங்கேயே நிறுத்திவிட முடியும். பட்டனை அழுத்திப் பச்சைக் குறி காட்டும் அழகான செயலிகளைவிட இந்த ஒற்றை வரிக் கட்டளையை நான் உயர்வாக மதிப்பது இதனால்தான்.

'இன்றைய இணையத்தில் கோப்பு தானாகக் கெட்டுப்போகுமா? வழியிலேயே சரிபார்த்துத்தானே அனுப்புகிறார்கள்?' என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான், சரிபார்க்கிறார்கள். இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்திலும் டி.சி.பி. நெறிமுறை 16 பிட் செக்சம் ஒன்றை வைக்கிறது. அதற்குக் கீழே கம்பி மட்டத்தில் இன்னும் வலுவான 32 பிட் சோதனை ஒன்று இருக்கிறது. ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உரசிப் பார்த்தது. உண்மையான இணையப் போக்குவரத்தில், இடத்தைப் பொறுத்து, 1,100 பொட்டலங்களில் ஒன்று முதல் 32,000இல் ஒன்று வரை டி.சி.பி. சோதனையில் தோற்றதை அவர்கள் கண்டார்கள். கீழ் மட்டச் சோதனை சரியென்று விட்ட பொட்டலங்கள் இவை. அப்படியானால் பிழை கம்பியில் நேரவில்லை. அனுப்பும் கணினியின் நினைவகத்திலோ, இடையிலுள்ள ரூட்டரிலோ, மென்பொருள் குறையாலோ நேர்ந்திருக்கிறது. கம்பியைக் காவல் காத்தவர்கள் கம்பிக்கு இரண்டு முனைகளிலும் இருந்த இயந்திரங்களைக் கவனிக்கவில்லை. அந்த ஆய்வுக்குப் பிறகு கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. அந்த விகிதங்களை இன்றைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் பாடம் பழசாகவில்லை: கோப்பைச் செய்தவரிடத்தில் ஒரு கணக்கு, பயன்படுத்துபவரிடத்தில் ஒரு கணக்கு, இடையில் எத்தனை கைகள் மாறினாலும் இரண்டும் பொருந்த வேண்டும். நடுவழிச் சோதனைகள் எத்தனை இருந்தாலும் முனைக்கு முனை நடக்கும் இந்த ஒப்பீட்டுக்கு அவை ஈடாகாது.

இனி மோசடி. இங்கேதான் எண் வந்த வழி என்ற கேள்வி கழுத்தைப் பிடிக்கிறது. மூன்று சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே இருந்தது பின்கதவு வைத்த போலிப் பதிப்பு. திட்டத்தின் தலைவர் கிளமென்ட் லெஃபெவ்ர், சரியான கோப்புகளின் செக்சம்களை வெளியிட்டு, இறக்கியவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஊடுருவியவர் ஒரு செய்தித் தளத்திடம் பின்னர் கூறியபடி, தளத்தில் இருந்த செக்சமையும் போலிக்குப் பொருந்தும்படி அவர் மாற்றியிருந்தார். அதாவது அந்த நேரத்தில் ஒரு பயனர் முறைப்படி இறக்கி, முறைப்படி கணக்கிட்டு, அதே பக்கத்தில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டிருந்தால், ஓகே என்றே வந்திருக்கும். படிக்கல்லையும் கடைக்காரரே செய்துகொள்ளலாம் என்றால் தராசு நேராக நிற்பதில் என்ன வியப்பு? கல்லில் அரசு முத்திரை கேட்பது அதற்காகத்தான்.

2017 மே மாதம் 2 முதல் 6 வரை நடந்தது வேறு கதை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளின் மேக் பதிப்பு இரண்டு சர்வர்களிலிருந்து வழங்கப்பட்டு வந்தது. அவற்றில் ஒன்றில் மட்டும் கோப்பு மாற்றப்பட்டது. உள்ளே புரோட்டான் என்ற உளவு நிரல். அந்த நாட்களில் இறக்கியவர்கள் சிக்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று திட்டத்தினரே அறிவித்தார்கள். ஆனால் செக்சம்கள் அந்தச் சர்வரில் இல்லை. முதன்மைத் தளத்திலும், கிட்ஹப்பில் அதன் நகலிலும் இருந்தன. இரண்டும் கை படாமல் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்த எவரும் தப்பியிருப்பார். பேனிக் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் அந்தக் கோப்பை நிறுவியதால், அந்த நிறுவனத்தின் மூல நிரல்களே களவு போயின. அதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். மூன்றாவது, 2019 நவம்பர் 18. மொனேரோ என்ற மறையாக்க நாணயத்தின் அதிகாரபூர்வ தளத்தில் இருந்த கட்டளை வரிப் பணப்பை நிரல் மாற்றப்பட்டிருந்தது. நிறுவியவரின் நாணயங்களைச் சுருட்டும் நிரல். அதை முதலில் கண்டுபிடித்தது எந்த வைரஸ் எதிர்ப்பு நிறுவனமும் இல்லை. இறக்கிய கோப்பின் செக்சமைக் கணக்கிட்ட ஒரு பயனர், தளத்தில் அறிவித்திருந்த எண்ணோடு அது பொருந்தவில்லை என்று பொதுவில் எழுதினார். அவ்வளவுதான். சில மணி நேரத்தில் கோப்புகள் மாற்றப்பட்டு, எல்லோருக்கும் எச்சரிக்கை போனது.

மூன்றிலும் கணக்கு ஒன்றே. மின்டில் எண் கோப்போடு சேர்ந்து விழுந்தது. மற்ற இரண்டிலும் எண் கை படாமல் நின்றது. ஆகவே 'செக்சம் பார்த்தீர்களா' என்று கேட்டால் போதாது. எதனோடு பார்த்தீர்கள், அந்த எண் எங்கிருந்தது என்றும் கேட்க வேண்டும். இன்னொன்றையும் இந்தச் சம்பவங்கள் சொல்கின்றன. 'ஆயிரத்தில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை, பிறகு எதற்கு இந்தச் சடங்கு' என்பவர்களுக்கு மொனேரோவே பதில். எல்லோரும் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கிற ஒருவர் சத்தம் போட்டால் பார்க்காத ஆயிரம் பேரும் காப்பாற்றப்படுகிறார்கள். ஆனால் அந்த ஒருவர் ஒப்பிடுவதற்கு ஓர் எண் வெளியிடப்பட்டிருக்க வேண்டும்.

வேறொரு மறுப்பு உண்டு. முகவரியில் பூட்டுப் படம் இருக்கிறதே, எச்.டி.டி.பி.எஸ். இணைப்பு போதாதா என்பது. அது, நீங்கள் பேசுவது சரியான சர்வரோடுதான், இடையில் யாரும் புகவில்லை என்று உறுதி தருகிறது, சிறிய விஷயமில்லை. ஆனால் சர்வருக்குள்ளேயே கோப்பு மாறிவிட்டால், மாறிய கோப்பையும் அதே பத்திரத்தோடு கொண்டுவந்து சேர்க்கும். டெபியன் இயங்குதளக்காரர்கள் இதை வெகு நாளாகவே எதிர்த்திசையில் காட்டி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய மென்பொருள் பொதிகள் பல ஆண்டுகள் பூட்டில்லாத சாதாரண எச்.டி.டி.பி. வழியாகவே, உலகெங்கும் யார் யாரோ நடத்தும் பிரதிச் சர்வர்களிலிருந்து வழங்கப்பட்டன. வழியை அவர்கள் நம்பவில்லை. நம்ப வேண்டிய தேவையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொதியின் செக்சமும் ஒரு பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலின் செக்சம் இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்த ஒரு கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, இயங்குதளத்தை நிறுவிய அன்றே உங்கள் கணினிக்கு வந்துவிட்டது. நீங்கள் 'ஆப்ட்' கட்டளையில் ஒரு மென்பொருளை நிறுவும்போதெல்லாம், நீங்கள் கேட்காமலே, இந்தச் சங்கிலி முழுவதும் சரிபார்க்கப்படுகிறது. யாரும் பார்ப்பதில்லை என்பது மனிதர்களைப் பற்றிய உண்மை. இயந்திரங்கள் தினமும் பார்க்கின்றன. இதிலும் சூட்சுமம் அதே இடத்தில்தான்: சாவி வேறொரு நாளில், வேறொரு வழியில் வந்தது. முதல் முறை நிறுவும் வட்டுக் கோப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு மட்டும் மனிதரிடமே இருக்கிறது, ஏனென்றால் அப்போது நம்பகமான சாவி எதுவும் உங்களிடம் இல்லை. உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் அந்த முதல் முறைதான்.

தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் எழுப்பும் மறுப்பு இதைவிடக் கூர்மையானது: 'எம்.டி.5 உடைந்துவிட்டது, ஷா-1உம் உடைந்துவிட்டது, நாளைக்கு ஷா-256உம் உடையும். உடையும் பூட்டை எதற்குத் தொங்கவிட வேண்டும்?' ரொனால்டு ரிவெஸ்ட் 1991இல் வடிவமைத்த எம்.டி.5, 32 இடக் கோவையைத் தருவது. 2004இல் வாங் சியாவ்யுன் என்ற சீனப் பெண் கணித அறிஞரும் அவர் குழுவினரும், ஒரே எம்.டி.5 கோவை தரும் இரு வேறு தரவுகளைச் செய்து காட்டினார்கள். 2008இல் ஆய்வாளர் குழு ஒன்று, சுமார் 200 பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிகளை இணைத்துக் கணக்கிட்டு, எந்த வலைத்தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் வழங்கும் வல்லமையைப் பெற முடியும் என்று நிரூபித்தது. 2012இல் வெளிப்பட்ட ஃபிளேம் உளவு நிரல், இதே பலவீனத்தைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தையே போலி செய்திருந்தது. 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிலையமும் ஒரே ஷா-1 கோவை கொண்ட இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன. எல்லாம் உண்மை. ஆனால் இவற்றில் உடைந்தது எது என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் பொருந்தப்போகும் இரண்டு கோப்புகளையும் தாக்குபவர் தானே திட்டமிட்டு வடித்தார். வேறொருவர் முன்பே செய்து, கோவையையும் வெளியிட்டுவிட்ட ஒரு கோப்புக்கு, அதே எம்.டி.5 கோவையுள்ள இன்னொரு கோப்பைச் செய்வது வேறு வேலை. அதை நடைமுறையில் இன்றுவரை யாரும் செய்து காட்டவில்லை. மின்ட் சம்பவத்தில் லெஃபெவ்ர் வெளியிட்ட திருத்தப் பட்டியலும் எம்.டி.5 பட்டியல்தான், அன்றைய வேலைக்கு அது போதுமாகவே இருந்தது.

அதனால் எம்.டி.5ஐத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். கோப்பைத் தருபவரே உங்களை ஏமாற்றக்கூடியவராக இருந்தால், ஒப்பந்தத்தின் இரண்டு வடிவங்களை முன்கூட்டியே செய்துவைத்து, ஒன்றைக் காட்டி இன்னொன்றை நீட்டலாம். ஷா-256 எந்தக் கணினியிலும் இலவசமாகக் கிடைக்கும்போது பழையதைப் பிடித்துக்கொண்டிருக்க நியாயமே இல்லை. பழைய பட்டியலில் எம்.டி.5 மட்டுமே இருந்தால், அதைக் குப்பையில் போடாமல், தற்செயல் கேட்டைக் கண்டுபிடிக்க வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை உடைந்தால் அடுத்ததற்கு மாறுவது பொறியியலில் இயல்பு. அதற்காக எண்ணை ஒப்பிடும் வேலையே வீண் என்பது சோம்பலுக்குச் சொல்லும் சாக்கு.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பை 2024 மார்ச் 29 நமக்குத் தந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தம் கணினியில் எஸ்.எஸ்.எச். என்ற தொலை நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைத் துருவிப் போய், எக்ஸ்.இசட். என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருப்பதை வெளிக்கொண்டுவந்தார். அதை வைத்தவர் வெளியிலிருந்து ஊடுருவியவர் இல்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்துத் திட்டத்தின் நம்பிக்கையைப் பெற்று, பதிப்புகளை வெளியிடும் உரிமையும் பெற்றவர். ஆகவே செக்சம் பொருந்தியது. கையொப்பமும் பொருந்தியது. செய்தவர் தந்த கோப்பு ஒரு பிட் மாறாமல் வந்து சேர்ந்தது, தந்ததே நஞ்சு. செக்சமுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை, அது தோற்றதும் இல்லை. ஒன்றா என்று கேட்டோம், ஒன்றுதான் என்றது. நல்லதா என்று அதனிடம் கேட்டவர் யார்? இருந்தாலும், ஒப்பிடும் இடத்தை மாற்றினால் இங்கேயும் அது பயன்படும். பின்கதவைத் திறந்துவிடும் வரிகள், எல்லோர் கண்ணிலும் படும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தன. ஒரே மூலத்திலிருந்து பலர் தனித்தனியே மென்பொருளைக் கட்டி, எல்லோருடைய செக்சமும் பொருந்துகிறதா என்று பார்க்கும் இயக்கம் ஒன்றை டெபியன்காரர்கள் 2013 முதல் வளர்த்து வருகிறார்கள். மெதுவான, புகழில்லாத வேலை. ஒருவர் சொல்லும் எண்ணை நம்பாமல், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத பலர் சொல்லும் எண்களை ஒப்பிடுவது அதன் சாரம். எண் வரும் வழிகளைப் பெருக்குவதில் இதைவிட முன்னே போன ஏற்பாட்டை நான் அறியேன்.

இதுவரை வேறிடத்திலிருந்து வரும் எண்ணைப் பேசினோம். வேறொரு நாளிலிருந்து வரும் எண் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் உரியது. வட்டில் கிடக்கும் கோப்பு, யாரும் தொடாமலே கெட்டுப்போவதுண்டு. கெட்டது என்று கணினி கத்துவதும் இல்லை. ஸ்கேன் செய்த ஒரு பழைய நூலின் கோப்பில் நான்கு பக்கங்கள் சிதைந்திருந்தால், அடுத்த வாசகர் அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை எவருக்கும் தெரியாது. அதற்குள் வாராவாரம் காப்புப்பிரதி எடுக்கும் நிரல், நல்ல பிரதியின் மேல் கெட்ட பிரதியை எழுதி முடித்திருக்கலாம். இரண்டு பிரதிகள் மாறுபட்டு நிற்கும்போது எது மூலம் என்று சொல்ல, ஸ்கேன் செய்த அன்றே எடுத்துவைத்த எண் ஒன்றுதான் சாட்சி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் கலிஃபோர்னியா டிஜிட்டல் நூலகமும் உருவாக்கிய பேக்இட் என்ற ஏற்பாடு 2018இல் இணைய நெறிமுறை ஆவணத் தொடரில் ஒரு தகவல் ஆவணமாக வெளியானது. அதில் பெரிய மாயம் எதுவுமில்லை: கோப்புகளை ஓர் அடைவில் போடு, அவற்றின் செக்சம் பட்டியலை ஓர் எளிய உரைக் கோப்பாகப் பக்கத்தில் வை. தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்திலும், ஒவ்வொரு நூலோடும் அதன் கோப்புகளின் எம்.டி.5, ஷா-1 கோவைகளைத் தாங்கிய பட்டியல் இருக்கிறது, இறக்கியவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஊர் நூலகமோ தனியார் சேகரிப்போ, ஸ்கேன் செய்யப் பணம் திரட்டும்போது, இந்தப் பட்டியலை எடுத்து வேறொரு ஊரில் ஒரு பிரதி வைப்பதற்குத் தனிச் செலவு எதுவும் வராது. செய்யாமல் விட்டால், பத்து ஆண்டு கழித்து எந்தச் செலவாலும் அந்த நாளின் எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

கடைசியாக, நம் நீதிமன்றங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம், மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகத் தருபவர் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும் என்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழின் வாரிசு அது. புதியது என்னவென்றால், சட்டத்தின் அட்டவணையில் உள்ள படிவம், ஆவணத்தின் ஹாஷ் மதிப்பையும் அதைக் கணக்கிட்ட முறையையும் எழுதச் சொல்கிறது. ஷா-1, ஷா-256, எம்.டி.5, பிற என்று தேர்வுகள் தரப்பட்டிருக்கின்றன. ஹாஷ் என்ற சொல்லை ஒவ்வொரு வழக்குரைஞரும் எழுதியாக வேண்டிய நிலை வந்தது பெரிய முன்னேற்றம். உடைந்த இரண்டு முறைகளும் பட்டியலில் நீடிப்பது குறை. வழக்கில் தரவை வடிப்பவரே எதிராளியாக இருக்கும் வாய்ப்பு உள்ள இடம் இது. இதைவிடப் பெரிய கேள்வி நேரம் பற்றியது. வட்டு கைப்பற்றப்பட்டது சித்திரையில், எண் கணக்கிடப்பட்டது ஆடியில் என்றால், அந்த எண் ஆடிக்குப் பிறகு எதுவும் மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். இடைப்பட்ட மாதங்களைப் பற்றி அது வாய் திறக்காது. இயங்கிக்கொண்டிருக்கும் செல்பேசியில் உள்ளடக்கம் நொடிக்கு நொடி மாறும், அங்கேயே எண் எடுப்பது எளிதில்லை என்று புலனாய்வாளர்கள் சொல்வது நியாயமே; செல்பேசியிலிருந்து பிரதி எடுத்த பிறகு அந்தப் பிரதிக்குத்தான் எண் எடுக்க முடியும். ஆனால் பென் டிரைவுக்கும், வட்டுக்கும், கேமராப் பதிவுக் கோப்புக்கும் இந்தச் சாக்கு பொருந்தாது. எழுதத் தடை போடும் கருவி வழியாக இணைத்து, கைப்பற்றும் இடத்திலேயே கணக்கிட்டு, மகஜரில் 64 எழுத்துகளையும் எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கலாம். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. அந்தப் பதிவில் திரையில் தெரியும் எண்ணும் விழட்டும். இந்த அவையில் உள்ள வழக்குரைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முன் சான்றிதழ் நீட்டப்படும்போது, ஷா-256 கட்டத்தில் எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். இந்த எண் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, அன்றே அது எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டது, அந்தக் காகிதம் இதுவரை யார் கையில் இருந்தது என்று குறுக்கு விசாரணையில் கேளுங்கள்.